மூன்று வருடமாக ஒருவரும் வரவில்லையே! – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாதி ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தன. சம்பளம் இல்லாமல், விருப்பத்தின் பேரில் நடக்கும் திறந்த மூல மென்பொருள் (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம் என்று திறந்து வைத்த மென்பொருள்) திட்டங்களுக்கு ஆள் சேர்ப்பது எப்படி, சேர்ந்தவர்களை வைத்துக்கொள்வது எப்படி, யார் முன்னால் நிற்பது. நானும் பதினோரு வருடமாக ஒரு சின்ன மென்பொருளைப் பராமரித்து வருகிறேன். அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர்: ஊர் நூலகங்களுக்காகப் புத்தக இரவல் கணக்கு பார்க்கும் ஒரு மென்பொருளை எழுதி, மூன்று வருடமாக கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் திறந்து வைத்திருக்கிறேன். முந்நூறு பேருக்கு மேல் ஸ்டார் (பிடித்திருக்கிறது என்ற குறி) போட்டிருக்கிறார்கள். எட்டு நூலகங்களில் ஓடுகிறது. உதவிக்கு மட்டும் ஒரு ஆள்கூட வரவில்லை. ‘பங்களிப்பாளர்கள் வரவேற்கப்படுகிறார்கள்’ என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். நம் ஆட்களுக்கு இதிலெல்லாம் ஆர்வமே இல்லையா?

ஆர்வம் இல்லை என்ற முடிவுக்கு அவசரப்பட்டுப் போய்விடாதீர்கள். முந்நூறு ஸ்டார் என்பது ஆர்வம்தான், ஆனால் அது வாசல்வரை வந்து நிற்கும் ஆர்வம். ‘பங்களிப்பாளர்கள் வரவேற்கப்படுகிறார்கள்’ என்று எழுதுவது கல்யாணப் பத்திரிகையில் ‘சுற்றமும் நட்பும் சூழ வருக’ என்று போடுவதைப் போன்றது. அதைப் படித்துவிட்டு வருகிறவர் சாப்பிட்டுவிட்டுப் போவார். அதே மனிதரின் வீட்டுக்கு நேரில் போய் ‘பந்தியை நீங்கதான் பார்த்துக்கணும்’ என்று சொல்லிப் பாருங்கள், முந்தின நாள் இரவே வந்து வாழை இலை எண்ணிக்கொண்டிருப்பார்.

லினக்ஸ் என்ற இயங்குதளம் (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) எப்படித் தொடங்கியது என்று பார்த்தால் இது விளங்கும். 1991 ஆகஸ்ட் 25 அன்று, ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், மினிக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறவர்கள் கூடும் செய்திக்குழுவில் ஒரு சின்னக் கடிதம் போட்டார். பொழுதுபோக்காக ஒரு இயங்குதளம் செய்துகொண்டிருக்கிறேன், பெரிதாக ஒன்றும் வராது என்றுதான் எழுதினார். எல்லோரும் வந்து உதவுங்கள் என்ற பேச்சே அதில் இல்லை. மினிக்ஸில் உங்களுக்கு எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை, என்ன வசதி வேண்டும் என்று கேட்டார். ஏற்கெனவே அந்தப் பிரச்சினையோடு புழங்கிக்கொண்டிருந்தவர்களிடம் போய், அவர்களுக்கு என்ன தேவை என்று கேட்டார், அவ்வளவுதான். பதில் சொன்னவர்களில் சிலர் பிற்பாடு நிரல் எழுதவும் வந்தார்கள்.

உங்களுக்கு அந்த மினிக்ஸ் கூட்டம் எது தெரியுமா? அந்த எட்டு நூலகங்கள். ஸ்டார் போட்ட முந்நூறு பேரை விட்டுவிடுங்கள். எட்டு நூலகர்களுக்கும் போன் போட்டு, தினமும் எந்த இடத்தில் எரிச்சல் வருகிறது என்று கேளுங்கள். அந்த நூலகத்துக்குத் தினமும் வந்து உட்காரும் ஒரு இன்ஜினியரிங் மாணவர் கண்டிப்பாக இருப்பார், நூலகர் அவரைக் கைகாட்டுவார். தன் ஊர் நூலகத்தில் தன் கண்ணெதிரே தவறாகக் கணக்குக் காட்டும் ஒரு திரையைச் சரிசெய்ய அவருக்கு இருக்கும் உந்துதல், உலகத்தின் மறுமூலையில் ஸ்டார் போட்டவருக்கு வராது.

சரி, அவர் வந்துவிட்டார், அப்புறம்? இங்கேதான் பெரும்பாலான திட்டங்கள் ஆளைத் தவறவிடுகின்றன. லிப்ரே ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளைச் செய்கிறவர்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் பார்த்தவரை இதைவிட நல்ல உதாரணம் இல்லை. 2010 செப்டம்பர் 28 அன்று அவர்கள் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து தனியாக வந்தார்கள். அந்த வருடத் தொடக்கத்தில்தான் ஓப்பன் ஆபீஸை வைத்திருந்த சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியிருந்தது. பிரிந்து வந்தவர்கள் கையில் இருந்தது மலை மாதிரி பழைய நிரல். அது ஜெர்மனியில் பிறந்த மென்பொருள் என்பதால் நிரலுக்கு நடுவே எழுதி வைத்த விளக்கக் குறிப்புகளில் பல்லாயிரம் வரிகள் ஜெர்மன் மொழியில் கிடந்தன. புதிதாக வருகிறவர் அதைப் பார்த்தாலே ஓடிவிடுவார். அவர்கள் அந்தக் குறையையே வேலையாக மாற்றினார்கள். ‘எளிய வேலைகள்’ என்று ஒரு பட்டியல் போட்டார்கள். ஜெர்மன் தெரிந்தவர்கள் ஒரு கோப்பை எடுத்து அதிலுள்ள குறிப்புகளை ஆங்கிலத்தில் மாற்றுங்கள் என்பது அதில் ஒன்று. எங்குமே பயன்படாமல் கிடக்கும் நிரல் துண்டுகளைக் கண்டுபிடித்து நீக்குங்கள் என்பது இன்னொன்று.

இந்த வேலைகள் சாதாரணமாகத் தெரியலாம். ஆனால் அதைச் செய்ய ஒருவர் நிரலை இறக்க வேண்டும், தன் கணினியில் கம்பைல் செய்ய வேண்டும் (ஓடும் மென்பொருளாக மாற்ற வேண்டும்), பேட்ச் (நிரலில் செய்த மாற்றம்) அனுப்ப வேண்டும், யாரோ பார்த்துச் சொல்வதைத் திருத்த வேண்டும், கடைசியில் அது சேர்வதைப் பார்க்க வேண்டும். முழுச் சுற்றும் ஒரு சின்ன வேலையில் பழகிவிடுகிறது. இரண்டாவது வேலைக்கு அவரைத் தள்ள வேண்டியதில்லை. முன்பு பேட்ச் அனுப்புகிறவர்கள் உரிமைகளைப் பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது, அதையும் எடுத்துவிட்டார்கள். வாசலில் எத்தனை படி இருக்கிறது என்று எண்ணி, ஒவ்வொன்றாகக் குறைத்தார்கள்.

என் மென்பொருளில் எத்தனை படி இருந்தது என்பது எனக்கு ஐந்து வருடம் தெரியாது. ஒரு கல்லூரியில் நடந்த பயிலரங்கில் ஒரு மாணவி அதை நிறுவ உட்கார்ந்தார். காலையில் தொடங்கியவர் மதியச் சாப்பாடு தாண்டியும் பிழைச்செய்தியோடு போராடிக்கொண்டிருந்தார். தரவுத்தளத்தின் ஒரு குறிப்பிட்ட பதிப்புதான் வேண்டும் என்பது என் தலைக்குள் மட்டும் இருந்தது, எங்கும் எழுதவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் கணினியை மூடிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். அவர் திரும்ப வரவில்லை, அது இன்றும் எனக்கு உறுத்துகிறது. அன்று இரவு ஒரு புதுக் கணினியில், எதுவும் தெரியாதவன் மாதிரி, என் குறிப்புகளை மட்டும் படித்து நானே நிறுவிப் பார்த்தேன். நான்கு இடத்தில் நின்றது. நீங்களும் இந்த வாரமே அதைச் செய்து பாருங்கள், இல்லையென்றால் பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, வாயைத் திறக்காமல் அவர் எங்கே தடுக்குகிறார் என்று கவனியுங்கள்.

பிறகு ஒன்று, இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். முதல் பேட்ச் வந்தால் இரண்டு நாளுக்குள் ஒரு வரியாவது பதில் போய்விட வேண்டும். முழுதாகப் பார்க்க நேரமில்லையா, ‘பார்த்தேன், நன்றி, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கிறேன்’ என்று எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். தாமதத்தைக்கூட ஒருவர் பொறுத்துக்கொள்வார், தன்னை யாரும் கவனிக்கவில்லை என்ற எண்ணத்தைப் பொறுக்க மாட்டார்.

திருச்சியிலிருந்து ஒரு மாணவர்: ஒரு பெரிய திட்டத்துக்குப் புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) அனுப்பி இரண்டு மாதம் ஆகிறது. ஒரு பதிலும் இல்லை. என் நிரல் அவ்வளவு மோசமா?

இல்லை தம்பி. பதில் வராததற்கும் உங்கள் நிரலின் தரத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. அந்தப் பக்கம் ஒருவரோ இருவரோ, வேலை முடிந்து வந்து, குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, இரவு பத்து மணிக்குக் கணினியைத் திறந்து நூறு கோரிக்கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருமுறை மரியாதையாக நினைவூட்டுங்கள், ‘இதைச் சின்னதாகப் பிரித்து அனுப்பினால் பார்க்க வசதியாக இருக்குமா’ என்று கேளுங்கள். பல நேரம் ஒரு பெரிய பேட்ச் கிடப்பில் கிடப்பதற்குக் காரணம், அதைப் பார்க்க ஒரு முழு மாலை வேண்டும் என்பதுதான். அதற்கும் பதில் இல்லையென்றால் வேறு திட்டத்துக்குப் போங்கள். அது தோல்வி இல்லை.

போவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். திறந்து கிடக்கும் கோரிக்கைகளைப் பார்க்காதீர்கள், ஏற்கெனவே மூடப்பட்டவற்றைப் படியுங்கள். கடைசி மூன்று மாதத்தில் புதியவர்கள் அனுப்பியது எத்தனை சேர்ந்திருக்கிறது, நிராகரித்த இடத்தில் காரணம் சொன்னார்களா, என்ன தொனியில் சொன்னார்கள் என்று பாருங்கள். பத்து கோரிக்கைகளைப் படித்தாலே அந்த வீட்டில் விருந்தாளியை எப்படி நடத்துகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி: எங்கள் திட்டத்துக்கு ஒருவர் கஷ்டப்பட்டு அறுநூறு வரி எழுதி அனுப்பியிருக்கிறார். நல்ல நிரல்தான், ஆனால் நாங்கள் போகும் திசைக்கு ஒத்துவராது. மறுத்தால் மனம் உடைந்துபோவார், சேர்த்தால் பத்து வருடம் நாங்கள் சுமக்க வேண்டும். எப்படிச் சொல்வது?

சேர்க்காதீர்கள். மனம் நோகுமே என்று சேர்த்துக்கொண்ட நிரலை அனுப்பியவர் ஒரு வருடத்தில் போய்விடுவார், அதில் வரும் ஒவ்வொரு பிழைக்கும் நீங்கள்தான் இரவு கண் விழிப்பீர்கள். ஆனால் எப்படி மறுக்கிறீர்கள் என்பதில்தான் அவர் மறுபடியும் வருவாரா மாட்டாரா என்பது இருக்கிறது. முதலில் அவர் தீர்க்க நினைத்த பிரச்சினை உண்மையானது என்று ஒப்புக்கொள்ளுங்கள். ஏன் சேர்க்க முடியாது என்று காரணத்தை மழுப்பாமல் சொல்லுங்கள். அறுநூறு வரியில் ஐம்பது வரியாவது எடுத்துக்கொள்ள முடியுமென்றால் அதைக் குறிப்பிட்டு, அவர் பெயரிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். ‘அடுத்த முறை எழுதத் தொடங்கும் முன் இரண்டு வரியில் எங்களிடம் சொல்லுங்கள், சேர்ந்து யோசிப்போம்’ என்று எழுதுங்கள். இதை உங்கள் முதல் பக்கத்திலும் போட்டுவைக்க வேண்டும், அவர் அறுநூறு வரியை வீணாக எழுதியதில் நமக்கும் பங்கு இருக்கிறது.

நிரலைத் திட்டலாம், ஆளைத் திட்டக்கூடாது என்று சிலர் சொல்வார்கள். நடைமுறையில் அந்தக் கோடு அவ்வளவு தெளிவாக இருக்காது. லினக்ஸில் பல வருடம் டோர்வால்ட்ஸின் கடுமையான மின்னஞ்சல்கள் பேர்போனவை. திட்டம் வளர்ந்தது என்பதைக் காட்டி ‘அப்படித்தான் இருக்க வேண்டும்’ என்று வாதாடியவர்களும் உண்டு. கடைசியில் 2018 செப்டம்பரில் அவரே மன்னிப்புக் கேட்டார். பிறரின் உணர்வுகளைப் புரிந்துகொள்ள உதவி தேடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு விலகியிருந்தார். அந்தச் சில வாரங்கள் கிரெக் க்ரோவா ஹார்ட்மன் 4.19 பதிப்பைப் பார்த்துக்கொண்டார், அக்டோபரில் டோர்வால்ட்ஸ் திரும்பினார். 27 வருடம் நடத்தியவர் அப்படிச் சொல்ல முடிந்தது என்பதை நான் மிக மதிக்கிறேன். ஒரு மின்னஞ்சலால் சொல்லாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதை எந்தக் கணக்கும் காட்டாது.

சில நேரம் எவ்வளவு பக்குவமாக மறுத்தாலும் ஒருவர் பிரிந்து போய்த் தனியாகத் தொடங்குவார். அதற்கும் பயப்பட வேண்டாம். நிரல் எழுதப் பயன்படும் விம் என்ற எடிட்டரில் ஒரே நேரத்தில் பல வேலைகள் நடக்க வழிசெய்யும் ஒரு பேட்ச் சேர்க்கப்படாமல் போனது. அதை அனுப்பியவர் 2014-இல் நியோவிம் என்று தனியாகப் பிரிந்தார். 2016-இல் வந்த விம் 8-இல் பின்னணியில் வேலைகளை ஓட்டும் வசதி வந்துவிட்டது. இரண்டும் இன்று உயிரோடு இருக்கின்றன.

பெங்களூரிலிருந்து ஒரு வாசகர்: இப்போது நாங்கள் பன்னிரண்டு பேர். ஒருவரே முடிவெடுப்பது நல்லதா, ஓட்டுப் போடுவதா?

பன்னிரண்டு பேருக்குச் சட்டப் புத்தகம் வேண்டாம், ஆனால் முட்டிக்கொண்டால் கடைசி வார்த்தை யாருடையது என்பதை இப்போதே, எல்லோரும் நல்ல மனநிலையில் இருக்கும்போதே எழுதிவையுங்கள்.

இரண்டு வழியும் நடந்திருக்கிறது. பைத்தான் என்ற நிரல்மொழியை கீடோ வான் ரோசம் 1989 டிசம்பரில் எழுதத் தொடங்கி, கடைசி முடிவெடுப்பவராகவே நீண்ட காலம் இருந்தார். 2018-இல் ஒரு பெயருக்கு மதிப்பைக் கொடுக்கும் புதுக் குறியீடு ஒன்றைச் சேர்ப்பது பற்றிய சண்டை அளவுக்கு மீறிப் போனது. முடிவு அவர் விரும்பியபடிதான் வந்தது, ஆனால் இவ்வளவு போராடி, இத்தனை பேர் என் முடிவை வெறுக்கிறார்கள் என்ற களைப்பில் ஜூலை 12 அன்று விலகினார். வாரிசையும் நியமிக்கவில்லை, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்றார். அவர்கள் பல யோசனைகளை எழுதி, டிசம்பரில் ஓட்டுப் போட்டு, ஐந்து பேர் கொண்ட வழிகாட்டும் குழு என்ற முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். 2019 தொடக்கத்தில் நடந்த முதல் தேர்தலில் கீடோவும் ஐவரில் ஒருவராக வந்தார். ஒரு வாய்த்தகராறில் திட்டமே சிதறியிருக்கலாம், சிதறவில்லை. அவர் போகும்போது கோபத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு போகவில்லை என்பது அதற்கு ஒரு காரணம்.

டெபியன் வேறு மாதிரி. லினக்ஸை வைத்து உருவான இந்த இயங்குதளத் திட்டம் 1993-இல் இயன் மர்டாக் தொடங்கியது. ஒவ்வொரு வருடமும் தலைவர் தேர்தல் நடக்கும், வேட்பாளர்களை வரிசைப்படுத்தி ஓட்டுப் போடுவார்கள், யாரும் வேண்டாம் என்றும் வரிசையில் போடலாம். ஆனால் எனக்குப் பிடித்தது அவர்களுடைய 1998 அரசியல் சாசனத்தில் உள்ள ஒரு விதி: இந்தத் திட்டத்துக்காக வேலை செய்தே ஆக வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. தேர்தலில் ஜெயித்த தலைவராலும் முடியாது. சம்பளம் இல்லாத இடத்தில் தலைமை என்றால் என்ன என்பது அந்த ஒரு விதியில் தெரிகிறது. உத்தரவு போட முடியாதவர் கேட்க வேண்டும், விளக்க வேண்டும், யாருக்கு எதில் விருப்பம் என்று தெரிந்துவைத்திருக்க வேண்டும். உங்கள் பன்னிரண்டு பேரில் யாருக்கு எது பிடிக்கும் என்று உங்களால் இப்போதே சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் ஓட்டுமுறையை அப்புறம் பார்க்கலாம், முதலில் அவர்களோடு பேசுங்கள்.

ஒரு சின்ன உபாயம் மட்டும் அப்பாச்சி என்ற திறந்த மூல அமைப்பிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஒரு மாற்றத்தைத் தடுக்க விரும்புகிறவர் தொழில்நுட்பக் காரணம் சொல்லியே தீர வேண்டும், காரணம் இல்லாத தடை செல்லாது. பாதிச் சண்டை இதிலேயே அடங்கிவிடும்.

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: பங்களிக்கும் முதல் ஐம்பது பேருக்கு டி-ஷர்ட் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். கூட்டம் வருமா?

வரும். 2020 அக்டோபரில் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற, திறந்த மூலத் திட்டங்களுக்குப் பங்களிக்க ஆட்களை ஊக்குவிக்கும் நிகழ்வில் வந்த மாதிரி. நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டி-ஷர்ட் என்று இருந்ததால், ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு வார்த்தையைக் கூட்டியும் குறைத்தும் ஆயிரக்கணக்கில் அனுப்பிப் பராமரிப்பாளர்களைத் திணறடித்துவிட்டார்கள். சில நாட்களுக்குள், விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டும் என்று விதியையே மாற்ற வேண்டியதாயிற்று. டி-ஷர்ட் கொடுங்கள், ஒரு வருடம் கூட இருந்தவர்களுக்கு, சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத ஒரு வாசகர்: ஏழு வருடமாகத் தனி ஆளாக மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஒரு லைப்ரரி நிரலைப் பராமரிக்கிறேன். நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள். முடியவில்லை. தூக்கம் போய்விட்டது. சமீபத்தில் முன்பின் தெரியாத ஒருவர் நல்ல பேட்ச்கள் அனுப்புகிறார், பொறுப்பை ஏற்றுக்கொள்ளத் தயார் என்கிறார். கொடுத்துவிடலாமா?

முதலில் உங்கள் உடம்பைப் பாருங்கள். இன்றைக்கே முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்: ‘மூன்று மாதம் ஓய்வில் இருக்கிறேன், பாதுகாப்புப் பிழைகளை மட்டும் பார்ப்பேன்.’ உலகம் நின்றுவிடாது. நின்றுவிடும் என்று மிரட்டுகிறவர்கள் யாரும் உங்களுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை.

அந்தப் புதியவரைப் பற்றி. அவர் உண்மையிலேயே நல்லவராக இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருப்பார்கள். ஆனாலும் எக்ஸ்இசட் கதையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அதில் இருப்பவர் அப்படியே உங்கள் நிலைமையில் இருந்தவர். எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு கருவி, லினக்ஸ் கணினிகளில் ஏறக்குறைய எங்கும் இருக்கும். லாஸி காலின் என்பவர் தனியாகப் பார்த்துவந்தார். 2021-இல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவ வந்தார். 2022-இல் வேறு சில பெயர்களில் வந்தவர்கள், ஏன் இவ்வளவு தாமதம், பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுக்கக்கூடாதா என்று காலினை நெருக்கினார்கள். தனக்கு நீண்ட நாளாக மனநலப் பிரச்சினை இருக்கிறது, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று அவர் வெளிப்படையாகவே பதில் எழுதினார். கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பு ஜியா டான் கைக்குப் போனது. 2024-இல் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அவர் ஒரு கள்ளக்கதவை, அதாவது கணினிக்குள் ரகசியமாக நுழையும் வழியை, ஒளித்து வைத்திருந்தார். ஆண்ட்ரெஸ் ஃப்ரொய்ன்ட் என்ற பொறியாளர் தன் கணினியில் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் போகும் வழி) நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று விடாமல் தோண்டி, மார்ச் 29 அன்று வெளியே சொன்னார். பரவலாகப் பயன்படும் நிலையான பதிப்புகளுக்குள் போகும் முன்பே பிடிபட்டது.

இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த இல்லை. காலின் முட்டாள்தனமாக ஒன்றும் செய்யவில்லை. களைத்த மனிதர், கையில் உதவி வந்தது, ஏற்றுக்கொண்டார், நீங்களோ நானோ அதையேதான் செய்திருப்போம். அங்கே இல்லாமல் போனது இரண்டாவது ஜோடிக் கண்கள். அதனால் ஒரே ஆளிடம் கொடுக்காதீர்கள், இரண்டு மூன்று பேரிடம் கொடுங்கள். உங்கள் நிரலை நம்பியிருக்கும் நிறுவனங்களில் வேலை செய்கிற, முகம் தெரிந்த, ஒருவரையாவது கேளுங்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்த பின்தான் சேரும் என்ற விதியைப் போடுங்கள், அது உங்களுக்கும் சேர்த்துத்தான். புதியவருக்கு முதலில் பிழைக் கோரிக்கைகளைப் பிரிக்கும் உரிமை, பிறகு நிரலைச் சேர்க்கும் உரிமை, வெளியிடும் சாவி எல்லாவற்றுக்கும் கடைசியில். ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று யாராவது நெருக்கினால் அந்த நெருக்கடி ஒன்றே நிதானிக்கப் போதுமான காரணம்.

அதே நேரம், யாரிடமும் கொடுக்காமல் வைத்துக்கொண்டிருப்பதும் ஆபத்துதான். விம்மை 1991 முதல் நடத்திவந்த பிராம் மூலனார் 2023 ஆகஸ்ட் 3 அன்று காலமானார். நீண்ட நாளாகக் கூட இருந்து பங்களித்த கிறிஸ்டியான் பிரபாண்ட்டும் மற்றவர்களும் எடுத்து நடத்த முன்வந்தார்கள், விம் தொடர்கிறது. அப்படி எடுத்து நடத்தக்கூடிய ஒருவர் நம் பக்கத்தில் இருக்கிறாரா என்று நாம் எல்லோரும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். எனக்கு இரண்டு வருடம் முன்புவரை இல்லை. இப்போது இரண்டு பேர் இருக்கிறார்கள், சாவிகள் அவர்களிடமும் இருக்கின்றன.

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு மனது கேட்கவில்லை. பேச வேண்டும் போலிருந்தால் பத்திரிகை அலுவலகம் வழியாக எழுதுங்கள், நானே அழைக்கிறேன்.

சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர்: பெரிய நிறுவனங்கள் கோடிக்கணக்கில் சம்பாதிக்க நாம் ஏன் இலவசமாக உழைக்க வேண்டும்?

கேள்வி நியாயமானது, இதைக் கேட்பவர்களைச் சுயநலக்காரர்கள் என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தபோது, இணையத்தின் பெரும்பகுதியைப் பாதுகாத்த ஓப்பன் எஸ்எஸ்எல் திட்டத்துக்கு நன்கொடையாக வந்துகொண்டிருந்தது வருடத்துக்குச் சுமார் 2,000 டாலர்தான் என்று தெரிந்தது. வங்கிகளும் கடைகளும் அரசாங்கங்களும் நம்பியிருந்த மென்பொருள் அது. அதற்குப் பிறகுதான் லினக்ஸ் அறக்கட்டளை பெரிய நிறுவனங்களைக் கூட்டி இப்படிப்பட்ட அடித்தளத் திட்டங்களுக்கென்று ஒரு நிதியைத் தொடங்கியது. ஓட்டை தெரிவதற்கு முன்பே யாராவது எட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

அதனால் கேளுங்கள். உங்கள் மென்பொருளை வைத்து வியாபாரம் செய்யும் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி, பணம் முடியாவிட்டால் வாரத்துக்கு அரை நாள் ஒரு பொறியாளரை அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் இதுவரை கொடுக்காததற்குக் காரணம், யாரும் நேராகக் கேட்கவில்லை என்பதே. ஒரு எச்சரிக்கை: பணம் வந்தால் அது எங்கே போகிறது என்பதைக் கூட இருப்பவர்கள் அனைவரும் பார்க்கும்படி வையுங்கள். பணம் இல்லாமல் பிரிந்த நண்பர்களைவிட, கணக்குத் தெரியாமல் பிரிந்த நண்பர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மட்டக்களப்பிலிருந்து ஒரு ஆசிரியை: எனக்குக் கோடிங் தெரியாது. பாடசாலையில் படிப்பிப்பதோடு நூலகத்தையும் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைகள் பாவிக்கும் ஒரு மென்பொருளில் தமிழ் பாதியும் ஆங்கிலம் பாதியுமாக இருக்கிறது. என்னைப் போன்றவர்களுக்கு இதில் இடம் இருக்கிறதா?

இருக்கிறது, டீச்சர். டெபியனில் 2010-இல் இதே கேள்வியை ஓட்டுக்கு விட்டார்கள், மென்பொருளை நிறுவத் தயாராகப் பொதி செய்து தராதவர்களும் மொழிபெயர்ப்பு, ஆவணம் போன்ற வேலைகளுக்காக முழு உறுப்பினர்களாகலாம் என்று முடிவானது. உங்கள் நாட்டிலேயே இன்னொரு உதாரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இலங்கைத் தன்னார்வலர்கள் சில வாரங்களில் எழுதிய சகானா, காணாமற்போனவர்களையும் முகாம்களையும் பதிவு செய்ய உதவியது. சிங்களத்தில் அந்தப் பெயருக்கு நிவாரணம் என்று பொருள். 2006-இல் சமூக நன்மைக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை விருதும் வாங்கியது, பிறகு வேறு நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது. முகாமில் பெயர் எழுதுகிறவருக்கு எந்தக் கட்டம் வேண்டும், எது வேண்டாம் என்பது நிரல் எழுதுகிறவருக்கு எப்படித் தெரியும்? அங்கே நிற்பவர் சொன்னால்தான் தெரியும்.

நீங்கள் தொடங்க ஒரு தாள் போதும். பிள்ளைகள் எந்தத் திரையில் நின்றுபோகிறார்கள், எந்தச் சொல்லைப் பார்த்து உங்களிடம் வந்து கேட்கிறார்கள் என்று ஒரு வாரம் குறித்துவையுங்கள். அந்தச் சொல்லுக்கு அவர்கள் வாயில் வரும் தமிழ் என்ன என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அதைத் தட்டச்சு செய்து திட்டத்துக்கு அனுப்பினால், நல்ல பராமரிப்பாளர் அதைப் பொக்கிஷமாக எடுத்துக்கொள்வார்.

இன்னொன்று. பாடசாலை நூலகத்தையும் நீங்கள்தான் பார்க்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே திருநெல்வேலிக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறாரே, இரவல் கணக்கு மென்பொருள். அவருக்கு எட்டு நூலகங்கள் இருக்கின்றன, ஒன்பதாவது வேண்டும். அவரிடம் பேசிவிட்டேன், சம்மதம் என்றார். நீங்களும் சரி என்றால் ஒரு வரி எழுதுங்கள், இருவரையும் சேர்த்து வைக்கிறேன்.